இடைக்காலப் பாரசீக வரலாற்றாசிரியர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன்?

ஹம்துல்லா முஸ்தவ்ஃபி. இந்தக் கேள்விக்கு ஜுவைனி, ரஷீதுத்தீன் என்றுதான் வழக்கமாகப் பதில் வரும். இருவரும் பெரிய பதவிகளில் இருந்தவர்கள். எனக்கு வரிக்கணக்கு பார்த்த இந்த மனிதர் மேல்தான் பிரியம்.

1281 வாக்கில் ஈரானின் கஸ்வீனில் பிறந்தார். அரசு நிதிக்கணக்கு பார்ப்பது குடும்பத் தொழில். பெயரிலுள்ள முஸ்தவ்ஃபியே அந்தப் பதவிதான். அப்போது ஈரானை ஆண்ட மங்கோலிய அரசர்களான இல்கான்களின் அமைச்சராக இருந்த ரஷீதுத்தீன்தான் இவரைக் கஸ்வீன் வட்டாரத்துக்கு நிதி அதிகாரியாக்கினார். 1318-இல் அந்த ரஷீதுத்தீனுக்கே மரண தண்டனை. அப்புறம் அவர் மகன் கியாசுத்தீன் அமைச்சரானார். 1330-இல் முடித்த ‘தாரீக்-இ-குஸீதா’ என்ற சுருக்கமான உலக வரலாற்றை முஸ்தவ்ஃபி அவருக்குத்தான் சமர்ப்பித்தார்.

கவிதை ஆசையும் சாதாரணமானதல்ல. பழைய ஈரானிய அரசர்களைப் பாடும் ஃபிர்தௌசியின் காவியமான ஷாநாமா நின்ற இடத்திலிருந்து தொடர்வதற்காக 15 வருடம் உழைத்து, 75,000 ஈரடிகளில் ‘ஸஃபர்நாமா’ எழுதினார். அரபுகளுக்கு 25,000, பாரசீகர்களுக்கு 20,000, மங்கோலியர்களுக்கு 30,000. காவியத்துக்கும் பட்ஜெட் போட்டவர்! நடுவில் ஷாநாமா பிரதிகளில் பிழை மலிந்திருப்பதைப் பார்த்து, பல பிரதிகளை ஒப்பிட்டுத் திருத்தவும் ஆறு வருடம் செலவிட்டார். கவித்துவத்தில் ஃபிர்தௌசி பக்கத்தில்கூட வர முடியாது என்பது என் கருத்து. ஆனால் 1220-இல் மங்கோலியர் கஸ்வீனைச் சூறையாடியதைச் சொல்லும் பகுதி வேறு ரகம். அது கொள்ளுத்தாத்தா வழியாக வீட்டுக்குள் வந்த செய்தி.

எனக்கு உயிர் ‘நுஸ்ஹத்துல் குலூப்’ என்ற கலைக்களஞ்சியம்தான். 1335-இல் இல்கான் சுல்தான் அபூ சயீத் வாரிசில்லாமல் இறந்தார், அடுத்த வருடமே கியாசுத்தீனையும் கொன்றார்கள், நாடு துண்டு துண்டாகிக்கொண்டிருந்தது. அந்தக் குழப்பத்துக்கு நடுவே, 1340 வாக்கில் இதை முடித்திருக்கிறார். இதன் புவியியல் பகுதியில் ஊர் ஊராகத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, என்ன விளைகிறது, மக்கள் எந்த மதப்பிரிவு, வரி எவ்வளவு என்று எழுதிக்கொண்டே போகிறார். முந்தைய இல்கான்களில் ஒருவரான கஸான் கான் ஆட்சியின் தொடக்கத்தில் வரி வருவாய் சுமார் 1.7 கோடி தினார், அவருடைய சீர்திருத்தங்களுக்குப் பின் சுமார் 2.1 கோடி என்கிறார். மங்கோலியர் வருவதற்கு முன் வருவாய் இதைவிடப் பல மடங்கு என்பதையும் பதிவு செய்கிறார். எஜமானர்கள் மங்கோலியர்களே என்றாலும் கணக்கை மறைக்கவில்லை.

படிக்க நினைத்தால் ‘ஸஃபர்நாமா’வில் கை வைக்காதீர்கள், மலைத்துவிடுவீர்கள். கை லெ ஸ்ட்ரேஞ்ச் (Guy Le Strange) என்ற அறிஞர் 1919-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘நுஸ்ஹத்’ புவியியல் பகுதியில் தொடங்குங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, பிடித்த ஊரைத் தேடிப் பிரித்தால் போதும்.