அமெரிக்காவுல 'பேலட் மெஷர்'னா என்ன?

கவர்னரைத் தேர்ந்தெடுக்குற அதே ஓட்டுச்சீட்டுல, இந்தச் சட்டம் வேணுமா வேணாமான்னு ஜனங்ககிட்டயே நேரா கேக்குறதுதான் பேலட் மெஷர். அபார்ட்மென்ட் கமிட்டி கண்டுக்கலன்னா குடியிருக்குறவங்களே கையெழுத்து வாங்கி மீட்டிங்ல ஓட்டுக்கு விடுவாங்கல்ல, அதே கதைதான். கலிஃபோர்னியா சட்டசபையே ரயில்வே கம்பெனி கைக்குள்ள போயிடுச்சுங்குற கோவத்துல 1911ல அங்க இது வந்துச்சு. 1978ல ப்ரொபோசிஷன் 13 (அங்க பேலட் மெஷரை இப்படித்தான் நம்பர் போட்டுக் கூப்பிடுவாங்க) வழியா சொத்து வரியை வீட்டு மதிப்புல 1%னு ஜனங்க கட்டிப்போட்டாங்க, இன்னிக்கும் அதுல கைவைக்க அரசியல்வாதிங்களுக்கு பயம்தான். கூத்து என்னன்னா, கம்பெனிங்களை அடக்க வந்த இதே வழியில 2020ல ஊபர், லிஃப்ட் மாதிரி ஆப் கம்பெனிங்க எல்லாம் சேந்து, டிரைவருங்களை ஊழியரா நடத்த வேண்டாம்னு சொல்ற ப்ரொபோசிஷன் 22க்கு 20 கோடி டாலர் கிட்ட கொட்டி ஜெயிச்சாங்க.

பாதிக்கு மேல ஓட்டு வந்தா பாஸ்னு பலர் நினைக்கிறாங்க, ஆனா ஃப்ளோரிடால அரசியல் சட்டத்தைத் திருத்த 60% வேணும், 2024ல கருக்கலைப்பு உரிமைக்கு 57% வந்தும் தோத்துப்போச்சு.