பார்மில் அனுப்பிய தேதி ஏன் நகர்ந்து வருகிறது?

கேள்வி: எங்கள் மெயின்ஃப்ரேமின் இரவு பேட்ச் ஜாபில், புரோகிராமை ஓட்டச் சொல்லும் எக்ஸெக் வரியில் உள்ள பார்ம் (PARM) வழியாக ஒரு கோபால் (COBOL) புரோகிராமுக்கு எட்டு இலக்கத் தேதி அனுப்புகிறோம். வெளியிலிருந்து வரும் தகவலுக்கான லிங்கேஜ் செக்‌ஷனில் பிக் எக்ஸ்(8), அதாவது எட்டு எழுத்து, என்று வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே போட்டுப் பார்த்தால் முதலில் படிக்க முடியாத ஏதோ இரண்டு, பிறகு தேதியின் ஆறு இலக்கங்கள். கடைசி இரண்டு இலக்கங்களைக் காணவில்லை. இனி 40 கிளைகளின் நான்கெழுத்துக் குறியீடுகளையும் அனுப்ப வேண்டும். பார்ம் தாங்குமா?

பதில்: உங்கள் தேதி முழுசாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் சிஸ்டம் இரண்டு பைட் நீளத்தை வைத்து அனுப்புகிறது. அதற்கு நீங்கள் இடம் விடவில்லை. ஜாபை விவரிக்கும் ஜேசிஎல் (JCL) வரிகளில் அந்த நீளத்தை யாரும் எழுதுவதில்லை, சிஸ்டமே எண்ணிப் போடுகிறது. பிஎல்/1 மொழியில் வேரியிங் என்று அறிவித்தால் நீளத்துக்கான இடம் அதிலேயே இருக்கும். கோபாலில் நாம்தான் ஒதுக்க வேண்டும்.

ஆகவே ஒரு 01 நிலைப் பெயரின் கீழ் இரண்டு 05 நிலை ஃபீல்டுகளை வையுங்கள். முதலாவது பிக் எஸ்9(4) காம்ப் (இரண்டு பைட் எண்), இரண்டாவது பிக் எக்ஸ்(100). புரொசீஜர் டிவிஷன் யூஸிங்கில் அந்த 01-இன் பெயரைக் கொடுங்கள். நீள எண்ணில் அந்த இரண்டு பைட் சேராது. உங்கள் தேதிக்கு 8 என்றுதான் இருக்கும்.

இத்துடன் டிஸ்ப்ளே சரியாகிவிடும், ஆனால் வேலை முடியவில்லை. எக்ஸ்(100) என்று எழுதியதால் மீதி 92 இடங்களில் ஸ்பேஸ் நிரம்பியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. எட்டாவது பைட்டுக்குப் பின்னால் இருக்கும் நினைவகம் உங்களுடையதே அல்ல. அதில் என்ன கிடந்தாலும் மூவ் செய்தால் கூடவே வரும். சில நேரம் எஸ்0சி4 என்ற நினைவகப் பிழையில் போய் நிற்கும். டெஸ்டில் ஓடி, புரொடக்‌ஷனில் விழும் வகைப் பிழை இது. வொர்க்கிங் ஸ்டோரேஜில் ஒரு ஃபீல்டை ஸ்பேஸால் நிரப்பிவிட்டு, நீளம் எவ்வளவோ அவ்வளவை மட்டும் அதற்குள் மூவ் செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் நீளத்தைச் சோதியுங்கள். பார்ம் எழுத மறந்திருந்தால் நீளம் 0 ஆக வரும். உங்களுக்கு 8 தவிர வேறு எது வந்தாலும் தெளிவான செய்தி ஒன்றைப் போட்டு, ரிட்டர்ன் கோட் 16 கொடுத்து நிறுத்துவதே சரி. தேதி வராவிட்டால் இன்றைய தேதியை எடுத்துக்கொள்ளும் புரோகிராம்களை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இரவு 11 மணிக்கு விழுந்த ஜாபை நள்ளிரவு தாண்டி மறுபடி ஓட்டினால், சத்தமே இல்லாமல் அடுத்த நாள் கணக்கில் எழுதிவிடும். ஜாப் பாதியில் விழும் அபெண்ட் எதுவும் யாருக்கும் தெரியாது, கணக்கு மட்டும் தப்பும்.

தேதியில் சாய்கோடு போடாதீர்கள். புரோகிராம் ஓடும் சூழலான லாங்குவேஜ் என்விரான்மென்டில், புரோகிராமுக்கான தகவலையும் ரன்டைம் ஆப்ஷன்களையும் பிரிக்கும் குறி அதுதான். எட்டு இலக்கமே பாதுகாப்பு.

இனி கிளைகள். பார்மின் எல்லை 100 எழுத்து. நடுவில் வரும் காற்புள்ளிகளும் அதில் சேரும். உங்களுக்குக் குறியீடுகள் மட்டுமே 160. ஐஇஎஃப்642ஐ செய்தியோடு ஜேசிஎல் எரர் வரும், ஸ்டெப் ஓடவே ஓடாது. மெயின்ஃப்ரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் 2.1 முதல் பார்ம்டிடி என்ற வழி உண்டு. தகவலை ஒரு டிடியில் (ஜாபுக்கு ஃபைலைக் காட்டும் ஜேசிஎல் வரியில்) வைத்து 32,760 பைட் வரை அனுப்பலாம், புரோகிராமுக்கு அதே போல நீளமும் தகவலுமாகத்தான் வந்து சேரும். ஒரே ஸ்டெப்பில் பார்மையும் பார்ம்டிடியையும் சேர்த்து எழுத முடியாது.

ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது சிஸ்இன், அதாவது புரோகிராம் ரெக்கார்டு ரெக்கார்டாகப் படிக்கும் உள்ளீட்டு டிடி. ஒரு ரெக்கார்டுக்கு ஒரு கிளை என்று எழுதினால் 40 கிளைகள் நாளை 55 ஆனாலும் புரோகிராமைத் தொட வேண்டாம், ஒரு கிளையை நீக்கினாலும் எந்த வரி போயிற்று என்று உடனே தெரியும். நீண்ட ஒற்றைச் சரத்தை வெட்டிப் பிரிக்கும் புரோகிராம் வரிகளும் மிச்சம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும் தேதி மட்டும் பார்மிலேயே இருக்கட்டும். ஷெட்யூலர் அதை ஒரு சிம்பாலிக்கில் (ஜேசிஎல் மாறியில்) வைத்துத் தர வசதி. அந்த சிம்பாலிக் சிஸ்இன் வரிகளுக்குள்ளும் வேண்டுமென்றால், 2.1 முதல் செட் வரிக்கு முன் எக்ஸ்போர்ட் சிம்லிஸ்ட் எழுதி, டிடியில் சிம்பல்ஸ்=ஜேசிஎல்ஒன்லி சேர்க்க வேண்டும்.

உங்கள் புரோகிராம் டிபி2 டேட்டாபேஸைத் தொடுவதா என்று நீங்கள் எழுதவில்லை. டிபி2 புரோகிராம்களை ஓட்டப் பயன்படும் ஐகேஜேஇஎஃப்டி01 வழியாக ஓடினால் எக்ஸெக்கில் உள்ள பார்ம் அதற்குத்தான் போகும், உங்கள் புரோகிராமுக்கு வராது. அதன் கட்டளைகள் இருக்கும் சிஸ்டிஎஸ்ஐஎன் டிடியில் உள்ள ரன் கட்டளையிலேயே பார்ம்ஸ் என்று கொடுக்க வேண்டும்.

அப்புறம், இந்த ஸ்டெப் ஒரு ப்ராக்குக்குள் (சேமித்து வைத்த ஜேசிஎல் ஸ்டெப்களின் தொகுப்புக்குள்) இருந்தால், அதைக் கூப்பிடும் எக்ஸெக்கில் வெறுமனே பார்ம்= என்று எழுதாதீர்கள். அது ப்ராக்கின் முதல் ஸ்டெப்புக்குப் போய்ச் சேரும், மற்ற ஸ்டெப்களில் ஏற்கெனவே எழுதியிருந்த பார்ம்களும் செல்லாமல் போய்விடும். பார்முக்குப் பின் ஒரு புள்ளி வைத்து, ஸ்டெப்பின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.