நரம்பு கிடைக்காத என் அம்மாவுக்குத் தோலுக்கு அடியில் ஏற்றும் மருந்தும் நீரும் உடம்பில் சேருமா, வீக்கமாகவே நின்றுவிடுமா?

சேரும். உணவுக்குழாய்ப் புற்றுநோய் முற்றிய என் தந்தைக்கு, ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டிலேயே கடைசி மூன்று வாரங்கள் இப்படித்தான் செய்தோம் என்பதால், கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

அதற்கு முன்பு, அவர் துவண்டுபோகும் போதெல்லாம் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்கு அழைத்துச் சென்றோம். ஒருமுறை நரம்பு தேடி இரு கைகளிலும் ஆறு இடங்களில் குத்தினார்கள். திரும்பும் வழியில், "இனிமே என்னைக் கீழே கொண்டு போகாதே கண்ணு" என்றார்.

பிறகு வீட்டுக்கு வந்த தணிப்புச் சிகிச்சைச் (நோயின் வேதனையைக் குறைக்கும் சிகிச்சை) செவிலியர், மெல்லிய பட்டர்ஃபிளை ஊசியை மேல்மார்பில், தோலைக் கிள்ளிப் பிடித்துச் சாய்வாகச் செருகினார். வயிறு, தொடையின் முன்பக்கம், மேல்கையின் வெளிப்புறம் ஆகியவையும் ஏற்ற இடங்களே. நினைவு தடுமாறி ஊசியைப் பிடுங்கிவிடுபவர்களுக்கு முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே போடுவதுண்டு. அந்த ஊசி வழியாக வலிக்கு மார்பினும் வாந்திக்கு ஹாலோபெரிடாலும் போயின. வாய்வழி மார்பினில் ஏறத்தாழப் பாதி அளவே இவ்வழிக்குப் போதும் என்பதால், அளவை மருத்துவர்தான் கணக்கிட வேண்டும். டயஸிபாம், குளோர்புரோமசின் போன்றவை திசுவைப் புண்ணாக்கும். அவற்றை இவ்வழியில் கொடுக்கக் கூடாது.

நீர் என்பது நார்மல் சலைன் என்ற உப்புநீர்தான். இரவில் அரை லிட்டர், மணிக்குச் சுமார் 50 மில்லி வீதம் சொட்டியது. முதல் இரவே ஊசியைச் சுற்றி முட்டை அளவுக்கு வீங்கியதைக் கண்டு நடுங்கிப்போய்த் தொலைபேசியில் அழைத்தேன். மென்மையாக, வலியின்றி இருந்தால் அஞ்ச வேண்டாம் என்றும், சிவந்து, சூடாகி, வலித்தால் நிறுத்திவிட்டு இடத்தை மாற்ற வேண்டும் என்றும் செவிலியர் சொன்னார். தோலுக்கு அடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களும் நிணநீர் நாளங்களும் மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ள, ஏற்றி முடித்த சில மணி நேரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. மெதுவாகச் சேர்வதாலேயே இது அவசர நிலைக்கு உதவாது. ஏற்கெனவே உடல் வீங்கியவர்களுக்கும், இரத்தம் எளிதில் உறையாதவர்களுக்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் தவிர்ப்பார்கள்.

கடைசி நான்கு நாள்களில், கால் வீங்கி, மூச்சில் கரகரப்பு வந்ததும் சலைனை நிறுத்திவிட்டு மருந்துகளை மட்டும் தொடர்ந்தோம். "தண்ணிகூடக் கொடுக்காமலா அனுப்பறது?" என்று அத்தை அழுதார். அந்நிலையில் வருத்துவது பெரும்பாலும் வாயின் வறட்சியே, அது சலைனால் அவ்வளவாகத் தீராது என்று செவிலியர் பொறுமையாக விளக்கியபின், ஈரப் பஞ்சால் அவருடைய வாயை நனைக்கும் வேலையை அத்தையே எடுத்துக்கொண்டார். இரவிலும் வேறு யாரிடமும் அதை விடவில்லை.

உங்கள் அம்மாவுக்கு இதைக் கேட்பதானால், 2021இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் தணிப்புச் சிகிச்சையும் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளையே விசாரியுங்கள்.