உதடு விறுவிறுன்னா உடனே சொல்லுங்க

கேள்வி: டாக்டர், எங்க அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். எனக்கு மேட்ச் ஆகியிருக்கு, அடுத்த வாரம் என் ரத்தத்துல இருந்து ஸ்டெம் செல் (புது ரத்த செல்களை உருவாக்குற தாய் செல்) எடுக்கப் போறாங்க. போன வருஷம் மெஷின்ல பிளேட்லெட் கொடுத்தப்போ உதடெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி ஆயி, விரல் மரத்து, குளிர்ல பல்லு கிடுகிடுன்னு அடிச்சுது. இந்த முறை அதைவிட அதிக நேரம் ஆகுமாம். முன்னாடியே கால்சியம் மாத்திரை போட்டுக்கலாமா? அதனால அண்ணனுக்குப் போற செல் கெட்டுடுமோன்னும் பயமா இருக்கு. எடை 52 கிலோ.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: பயப்படாதீங்கம்மா, உங்களுக்கு வந்தது சிட்ரேட்னால வர்றது. ஒரு கை வழியா ரத்தம் மெஷினுக்குப் போயி, சுத்துறப்போ வேண்டிய செல் மட்டும் தனியாப் பிரிஞ்சு, மீதி இன்னொரு கை வழியா உங்களுக்கே திரும்பி வரும், நடுவுல குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சிடக் கூடாதுன்னு சிட்ரேட் கலப்பாங்க. ரத்தம் உறையறதுக்கு கால்சியம் வேணும், சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். அந்த சிட்ரேட்ல கொஞ்சம் திரும்பி வர்ற ரத்தத்தோட உங்க உடம்புக்குள்ளயும் வந்து, அங்க இருக்கற கால்சியத்தையும் பிடிச்சுக்கும், அப்பதான் உதடு விறுவிறுங்குது.

உள்ள வர்ற சிட்ரேட்டை கல்லீரல் கரைச்சுடும், ஆனா அது கரைக்கிற வேகத்தைவிட சீக்கிரமா வந்தாதான் பிரச்சனை. உங்க எடைக்கு உடம்புல மூணரை லிட்டர் போல ரத்தம் இருக்கும், ஸ்டெம் செல்லுக்கு அந்த மொத்த ரத்தமும் ரெண்டு மூணு தடவை மெஷினுக்குள்ள போயிட்டு வரணும், நாலஞ்சு மணி நேரம் ஆயிடும். அதனால இதுல சிட்ரேட் பிளேட்லெட்டைவிட நிறையவே உள்ள வரும்.

பாலு, தயிரு, நீங்க கேட்ட கால்சியம் மாத்திரையில மெல்லுற வகை எல்லாம் நல்லதுதான், ஆனா வயித்துல இருந்து ரத்தத்துக்குப் போக நேரம் ஆகும், லேசான விறுவிறுப்புக்கு அது போதும். உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கறதால, ஆரம்பத்துல இருந்தே கால்சியம் குளுக்கோனேட் டிரிப்ஸ் ஓடட்டும்னு டாக்டர்கிட்ட கேளுங்க. வந்தப்புறம் கொடுக்கறதைவிட வராமப் பார்த்துக்கறது எவ்வளவோ மேல்னு நான் உறுதியா நம்புறேன். மாத்திரையை நீங்களா அள்ளிப் போட்டுக்காதீங்க, கிட்னியில கல்லு இருந்தாலோ இதய மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிடுங்க. வெறும் வயித்தோட வராதீங்க, ஒரு கம்பளியும் எடுத்துட்டு வாங்க.

ஒரு தடவை ஒரு அக்கா தம்பிக்காகக் கொடுக்க வந்திருந்தாங்க. ரெண்டு கையும் நீட்டிப் படுத்திருந்தவங்க, வாயைத் தோள்பட்டையில தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தாங்க. நர்ஸ் பார்த்துட்டு என்னக்கான்னு கேட்டா, ஒண்ணுமில்லம்மா அரிக்குதுன்னு சிரிக்கிறாங்க, அதுக்குள்ள கட்டைவிரல் உள்பக்கமா மடங்க ஆரம்பிச்சிருச்சு. மெஷின் வேகத்தைக் குறைச்சு, கால்சியத்தைக் கூட்டினதும் கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு. நிறுத்திட்டா தம்பிக்குப் பத்தாமப் போயிடுமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாங்களாம். நீங்க அப்படி இருக்காதீங்க, முதல் விறுவிறுப்பு வந்ததும் சொல்லிடுங்க, முத்திப்போனா தசை இழுக்கும், இதயத் துடிப்பே மாறலாம்.

செல் கெடுமான்னு கேட்டீங்களே, கெடாதும்மா. கால்சியத்தை ரத்தம் உங்களுக்குத் திரும்பி வர்ற பக்கம்தான் விடுவாங்க, பையில சேர்ற செல் அதுக்கு முன்னாடியே மெஷின்லயே பிரிஞ்சு போயிடும். அண்ணனுக்குப் போற பைக்கும் அந்த டிரிப்ஸுக்கும் சம்பந்தமே இல்லை.