‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் அல்டாரியன்–எரெண்டிஸ் கதை எங்கே நின்றுபோகிறது? தப்பு யார் மேல்?

1980-ல் அவர் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்ட ‘முடிவுறாக் கதைகள்’ நூலில் வருவது இது. டோல்கீன் படைத்த கற்பனைத் தீவான நூமெனோரின் பட்டத்து இளவரசன் அல்டாரியனுக்குக் கடல்பித்து. மனைவி எரெண்டிஸுக்குக் கடலே ஆகாது. கப்பல் கட்ட மரம் வெட்டுவதைக்கூட அவளால் பொறுக்க முடியாது.

இரண்டு வருடத்தில் வருகிறேன் என்று போனவன் ஐந்து வருடம் கழித்து வருகிறான். வீட்டில் வரவேற்பே இல்லை. மறுநாள் விடியலில் சொந்த மகள் அன்காலிமே, “நீ யார்?” என்கிறாள். எனக்கு மொத்தக் கதையும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அல்டாரியனின் தந்தை அவனுக்காக அரியணையை விட்டுக்கொடுக்க முடிவெடுக்கும் இடத்தோடு தொடர்ச்சியான கதை அறுந்துவிடுகிறது. அப்புறம் வெறும் குறிப்புகள்தான். முதுமையில் எரெண்டிஸ் அவனைத் தேடி, யாரும் அடையாளம் காணாதபடி ரோமென்னா துறைமுகத்துக்குப் போகிறாள். அங்கே என்ன நடந்தது? கதையுலகின் இரண்டாம் யுகம் 985-ல் நீரில் மாண்டாள் என்ற ஒற்றை வரி மட்டுமே மிச்சம்.

தப்பு? வாக்குத் தவறியவன் அவன்தான். ஆனால் மகளையும் ஆண்களை வெறுக்கும்படி வளர்த்தாளே எரெண்டிஸ், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த மகள்தான் பின்னாளில் நூமெனோரின் முதல் ஆளும் அரசி. அவள் திருமணமும் கசந்துதான் போனது.