அவருக்கு ஓசூர், எனக்கு ஒயிட்ஃபீல்டு: வீடு எங்கே பார்ப்பது?

இந்தத் தடவை வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே குடும்பம் எழுதியது போல இருக்கின்றன. கணவருக்கு ஓர் ஊரில் வேலை, மனைவிக்கு இன்னோர் ஊரில். வீடு எங்கே பார்ப்பது? சொல்லலாம். ஆனால் வேலை நேரத்தை எழுதாமல் கிலோமீட்டரை மட்டும் எழுதி அனுப்பியவர்களின் கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டேன். பெங்களூரில் கிலோமீட்டருக்கு அர்த்தம் கிடையாது என்று எத்தனை தடவைதான் எழுதுவது?

கே: கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். நான் ஒயிட்ஃபீல்டில் காலை ஒன்பதரைக்கு உள்ளே இருக்க வேண்டும், வாரம் ஐந்து நாளும். இருவருக்கும் சமமாக இருக்கட்டும் என்று சந்தாபுராவில் வீடு பார்த்திருக்கிறோம். மேப்பில் எனக்கு ஐம்பது நிமிடம் காட்டுகிறது. அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா? (வாசகி, கே.ஆர்.புரம்)

ப: கொடுக்காதீர்கள். அந்த ஐம்பது நிமிடத்தை என்றைக்குப் பார்த்தீர்கள், ஞாயிற்றுக்கிழமையா? செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அதே மேப்பைத் திறந்து பாருங்கள். சர்ஜாபூர் ரோட்டையும் வர்த்தூரையும் தாண்டுவதற்குள் உங்கள் ஒன்பதரை போய்விடும். மெட்ரோவில் போகலாம் என்றால், பொம்மசந்திராவில் மஞ்சள் தடத்தில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கு மாறி, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி ஒயிட்ஃபீல்டில் இறங்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சந்தாபுரா பக்கம் ஹீலலிகேயில் ரயில் நிலையம் இருப்பது உண்மைதான். அந்தத் தடத்தில் ஓடுகிற வண்டிகள் சொற்பம். அதை நம்பி வேலைக்குப் போக முடியாது.

இப்போது உங்கள் கடிதத்திலேயே இருக்கிற, நீங்கள் கவனிக்காத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு விடியற்காலை ஐந்து மணிக்குள் கிளம்புவார். அப்போது ஓசூர் ரோடு காலியாக இருக்கும். நாற்பது கிலோமீட்டர் அவருக்கு ஒரு மணி நேரம். மதியம் திரும்பும்போதும் பெரிய நெரிசல் இல்லை. செகண்ட் ஷிஃப்ட் என்றால் நடு இரவில் திரும்பப் போகிறார். நீங்களோ தினமும் ஊரே ரோட்டில் நிற்கிற நேரத்தில் போய், ஊரே திரும்புகிற நேரத்தில் திரும்புகிறவர். தூரம் அவருக்கு அதிகமாக இருந்தாலும் நேரம் உங்களுக்குத்தான் அதிகமாகப் போகும். வீடு உங்கள் பக்கம் இருக்கட்டும். கே.ஆர்.புரத்தையே ஏன் காலி செய்கிறீர்கள்? ஊதா மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. அவருடைய கம்பெனி பஸ் எதுவரை வருகிறது என்று கேளுங்கள். ஓசூர் ஆலைகளில் பெங்களூருக்குள் பஸ் அனுப்புகிறவை உண்டு. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறவர் கதை வேறு, நாலு மணிக்கு எழுந்து தானே பைக் ஓட்டிப் போகிறவர் கதை வேறு. பஸ் இல்லை என்றாலோ, அவரை ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு மாற்றிவிட்டாலோ கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

சரி, இந்த ‘நடுவில் வீடு’ விவகாரத்தை ஒரு தடவை விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் மட்டும் ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் வேலூர் எப்படி என்று கேட்கிறார், விளையாட்டாக அல்ல. கல்யாணமான புதிதில் இது நியாயமாகத்தான் தோன்றும். பாகப்பிரிவினை மாதிரி, உனக்குப் பாதி தூரம் எனக்குப் பாதி தூரம். நானும் என் வீட்டுக்காரரும் இதே புத்திசாலித்தனத்தைச் செய்தவர்கள்தான். அவருக்கு மைசூரில் வேலை, எனக்கு ஜெயநகரில். மத்தூரில் வீடு பிடித்தோம். இரண்டு சீசன் டிக்கெட், இரண்டு டிபன் டப்பா, காலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் பூட்டு. சிலிண்டர் வந்தால் வாங்க ஆள் இல்லை. இஸ்திரிக்காரர் எங்களை நேரில் பார்த்ததே இல்லை. குழந்தைக்கு ஜுரம் என்று பள்ளியிலிருந்து போன் வந்தபோது இருவருமே ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தோம். பக்கத்து வீட்டு அஜ்ஜி போய் அழைத்து வந்தார். இரண்டு வருடத்தில் அந்த ஊரால் எங்களுக்குக் கிடைத்தது மத்தூர் வடை மட்டும்தான். அதற்கு வீடு வேண்டியதில்லை, ரயிலிலேயே விற்கிறார்கள்.

நடுவில் வீடு எடுத்தால் இருவருக்கும் பாதிப் பயணம் என்று நினைக்கிறோம். நடப்பது அதுவல்ல. ரயிலுக்கு முன்னால் அரை மணி, பின்னால் அரை மணி என்று இருக்கிற செலவு தூரம் பாதியானாலும் பாதியாகாது. ஒருவர் படுகிற சிரமத்தை இருவரும் முழுசாகப் படுகிறோம். வீட்டுக்கு அருகில் வேலை பார்க்கிற ஆள் ஒருவர்கூட இல்லாமல் போகிறார். ஒருவராவது இருபது நிமிடத்தில் வீட்டை எட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவருக்கு ரயிலோ கம்பெனி பஸ்ஸோ, உட்கார்ந்து போகிற வண்டியாகப் பாருங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து முறை மாற்றிக்கொள்ளலாம். வாடகை வீடுதானே.

கே: பெங்களூரில் குடும்பத்தோடு இருக்க நல்ல ஏரியா எது? (வாசகர், சேலம்)

ப: யாருக்கு எங்கே வேலை, எத்தனை மணிக்கு, என்ன வாடகை? ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் பதில் சொல்கிறேன்.

கே: மனைவி மைசூரில் கல்லூரி ஆசிரியர். எனக்கு மெஜஸ்டிக் பக்கத்தில் அலுவலகம், வாரம் மூன்று நாள் போனால் போதும். கெங்கேரியில் வீடு பார்க்கலாமா? அங்கே ரயிலும் இருக்கிறது, மெட்ரோவும் இருக்கிறது. (வாசகர், மைசூரு)

ப: மூன்று நாள் போகிறவருக்காக ஐந்து நாள் போகிறவரை ஏன் கெங்கேரிக்கு இழுக்கிறீர்கள்? மைசூரிலேயே இருங்கள். ரயில் உங்களை இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் மெஜஸ்டிக்கிலேயே இறக்கிவிடும். இந்த மாதிரி ஒத்துவருகிற அலுவலகம் எல்லோருக்கும் அமையாது. தூரம் 150 கிலோமீட்டருக்குள் இருப்பதால் சீசன் டிக்கெட்டும் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு வந்தே பாரத்திலோ சதாப்தியிலோ ஏறிவிடாதீர்கள், செல்லாது. வீட்டை மட்டும் யாதவகிரி மாதிரி ஸ்டேஷனுக்கு அருகில் பாருங்கள். ஊரின் மறுகோடியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று போனால், காலை ஐந்தரைக்கு ஆட்டோவைத் தேடி அலைவீர்கள். ரயில் நேரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், ஸ்டேஷனுக்குப் போகிற கடைசி நாலு கிலோமீட்டரை யாரும் பார்ப்பதில்லை.

கெங்கேரி பற்றியும் ஒரு வார்த்தை. மைசூர் தடத்தில் ஓடுகிற எல்லா வண்டியும் அங்கே நிற்காது.

கே: பிடதியில் வீடு எடுத்தால் புது மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் பைக்கில் போய்விடலாம் அல்லவா?

ப: முடியாது. 2023 ஆகஸ்ட் முதல் அதன் பிரதான பாதையில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் தடை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். இது தெரியாமலா வீடு பார்க்கிறீர்கள்?

கே: எனக்குத் துமகூரில் ஆலை வேலை, மனைவிக்கு யஷ்வந்தபுரத்தில் அலுவலகம். நெலமங்கலாவில் ரயில் நிலையம் இருப்பதால் அங்கே வீடு எடுத்தால் இருவரும் ரயிலிலேயே போகலாம் என்று தரகர் சொல்கிறார். (வாசகர், ஸ்ரீராம்புரம்)

ப: தரகர் சொன்னதில் பாதி உண்மை. நெலமங்கலாவில் ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் அது ஹாசன் போகிற தடத்தில். துமகூர் தடம் சிக்கபாணாவராவிலேயே பிரிந்து போய்விடுகிறது. உங்கள் மனைவி ஒருவேளை ரயிலில் போவார், நீங்கள் ஸ்டேஷனில் நின்று கையசைக்கலாம். துமகூர் வண்டி வேண்டும் என்றால் சிக்கபாணாவரா பக்கம் பாருங்கள், இல்லையென்றால் துமகூருக்கே போய்விடுங்கள். துமகூரிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலில் வந்து போகிற கூட்டம் பெரிது. பெட்டியிலேயே சீட்டாட்டம், காய்கறி நறுக்குவது எல்லாம் நடக்கும். உங்கள் மனைவிக்கும் துணை கிடைக்கும். எதைச் செய்தாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, போகிற நேரத்துக்கே போய்ப் பாருங்கள்.

கே: நான் எலக்ட்ரானிக் சிட்டியில். கணவர் ஸ்ரீபெரும்புதூரில் தங்கி வேலை பார்க்கிறார், வெள்ளி இரவு வந்து ஞாயிறு இரவு திரும்புகிறார். ரயிலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கன்டோன்மென்ட் பக்கம் வீடு மாறச் சொல்கிறார். (வாசகி, சிங்கசந்திரா)

ப: மாற வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் வருகிற பயணத்துக்காக ஐந்து நாள் பயணத்தைக் கெடுத்துக்கொள்வார்களா? அதுவும் இவருக்கு ரயிலால் என்ன பயன்? ஸ்ரீபெரும்புதூரில் ரயில் நிலையமே கிடையாது. சென்ட்ரல் போய் இறங்கி, வந்த வழியே திரும்பி வர வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னை போகிற ராத்திரி பஸ் உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறது, விடியற்காலை ஸ்ரீபெரும்புதூரையும் தாண்டித்தான் போகிறது. நடந்து போய் ஏறுகிற தூரத்தில் உங்கள் வீடு இருக்கிறது. அவர் சிங்கசந்திராவில் ஏறட்டும்.

கே: மகன் ஐந்தாம் வகுப்பு. எனக்கு ஓசூரில் வேலை, கணவருக்குக் கோரமங்களாவில். இப்போதைக்குப் பெங்களூரில் இருந்துவிட்டு, ஒன்பதாவதில் ஓசூர் பள்ளிக்கு மாற்றலாம் என்று நினைக்கிறோம். சரியா? (வாசகி, பொம்மனஹள்ளி)

ப: நல்ல கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை. ப்ளஸ் டூ முடித்த பிறகுதான் தலையில் கை வைத்துக்கொண்டு எழுதுவார்கள். கர்நாடகத்தில் தொழிற்கல்விச் சேர்க்கைக்கு அந்த மாநிலத்தில் ஏழு வருடம் படித்திருக்க வேண்டும் என்பது முக்கியமான தகுதி விதி. பத்தாவதோ பன்னிரண்டாவதோ அங்கே தேறியிருக்கவும் வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு எட்டாவதிலிருந்தும் மருத்துவத்துக்கு ஆறாவதிலிருந்தும் தொடர்ந்து படித்தவர்களுக்குச் சிக்கல் குறைவு. மற்றவர்கள் நேட்டிவிட்டி சான்றிதழுக்கு அலைய வேண்டும். நீங்கள் சொல்கிற மாதிரி ஒன்பதாவதில் எல்லை தாண்டினால் பையனுக்குக் கர்நாடகத் தகுதியும் சந்தேகம், தமிழ்நாட்டுத் தகுதியும் சான்றிதழைப் பொறுத்தது. ஆகவே மாற்றுவதானால் ஆறாவதிலேயே மாற்றுங்கள், இல்லையென்றால் மாற்றாதீர்கள். விதிகளை அந்தந்த வருடத்துக் கையேட்டில் சரிபாருங்கள். இங்கே முக்கியம் பள்ளி எந்த மாநிலத்தில் என்பதுதான். வீட்டை எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ உங்கள் சௌகரியத்துக்கு வையுங்கள். தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் பள்ளி வேனில் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அது பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் பாருங்கள். அப்புறம், பெங்களூரிலேயே படித்தால் 2015 சட்டப்படி கன்னடமும் ஒரு மொழிப்பாடமாக இருக்கும். அதைக் குறையாக நினைக்காதீர்கள், நாளைக்கு வீட்டு ஓனரிடம் பேச உதவும்.

கே: ஓசூரில் குடியிருந்து பெங்களூரில் வேலை பார்த்தால் கர்நாடகத் தொழில் வரி தப்புமா?

ப: தப்பாது. வேலை பார்க்கிற இடம்தான் கணக்கு. மாதம் இருநூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக யாராவது ஓசூருக்குப் போவார்களா?

கே: ஒரே வாடகைக்கு இருவரும் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்கலாமா? (வாசகர், எச்.எஸ்.ஆர். லே-அவுட்)

ப: பழைய வரி முறையில் இருந்தால், அவரவர் உண்மையில் கொடுக்கிற பங்குக்குக் கேட்கலாம். இருவரும் முழு வாடகையையும் காட்டினால் அது பொய்க் கணக்கு. அவரவர் கணக்கிலிருந்து பணம் போகட்டும், ரசீது தனித்தனியாக இருக்கட்டும். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் வேண்டும். அதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். குடியேறிய பிறகு கேட்டால் ஓனருக்கு ஞாபகமறதி வந்துவிடும்.

கே: தமிழ்நாடு பதிவு எண் வண்டியோடு பெங்களூரில் எத்தனை நாள் ஓட்டலாம்?

ப: பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் பதிவை மாற்ற வேண்டும். கூடவே வரியும் உண்டு. ஓசூரில் வீடு, பெங்களூரில் வேலை என்றால் ஓசூர் முகவரிக்கான ஆவணத்தை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: எனக்கு மைசூரு ரோட்டில் வேலை, கணவருக்கு ஓசூரில். வரப்போகிற மெட்ரோ தடத்துக்கு ஐந்து நிமிடத்தில் இருக்கிறது என்று ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்க முன்பணம் கேட்கிறார்கள். ஆபீஸ் பயணம் இரண்டுக்குமே தீர்வு என்கிறார்கள். (வாசகி, நாயண்டஹள்ளி)

ப: இன்றைக்கு ஏறிப் போக முடிகிற வண்டியை மட்டும் கணக்கில் வையுங்கள். பொம்மசந்திரா தடம் 2025 ஆகஸ்டில்தான் ஓடத் தொடங்கியது. அதற்குப் பல வருடம் முன்பிருந்தே அந்த வழி முழுக்க ‘மெட்ரோவுக்கு ஐந்து நிமிடம்’ என்று போர்டு வைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் அத்தனை வருடமும் சில்க் போர்டு சிக்னலில் நின்றார்கள். ஒரு வருடம் அதே தெருவில் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதற்குள் உங்கள் இருவரில் ஒருவர் கம்பெனி மாறியிருக்கவும் கூடும். முன்பணம் கொடுத்தே தீருவேன் என்றால், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வாசலிலிருந்து ஆட்டோ பிடித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.