வல்லான் வகுத்ததுதானா வாய்க்கால்?

கேள்வி: “வலியது வாழும், மெலியது மாயும் என்பதே பரிணாம விதி. ஆகவே நலிந்தோரை அரசு தாங்கிப் பிடிப்பது இயற்கைக்கு மாறானது” என்று எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் ஒருவர் வாதிட்டார். இது சரிதானா?
– மாணவி ஒருவர், திருச்சி

பதில்: சரியன்று. ‘தக்கது பிழைக்கும்’ என்று நாம் மொழிபெயர்க்கும் தொடரை 1864-இல் உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர். பரிணாமக் கொள்கையை விளக்கிய டார்வின் அதனைத் தமது ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் 1869-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்துக்கொண்டார். தக்கது என்றால் உடல் வலிமை மிக்கது என்று பொருளில்லை. தான் வாழும் சூழலுக்குப் பொருந்தி, சந்ததியை விட்டுச் செல்வது என்பதே பொருள். கூடி வாழ்ந்தால்தான் பிழைக்க முடியும் என்ற சூழலில், பகிர்ந்துண்ணும் குணமே தக்க குணமாகிவிடுகிறது. ஒருவருக்கொருவர் உதவவும் பொது நன்மைக்காகத் தம்மையே இழக்கவும் முன்வருவோர் மிகுந்த குழு மற்றக் குழுக்களை வெல்லும் என்று 1871-இல் டார்வினே எழுதியிருக்கிறார்.

மனிதரிடம் இது எவ்வாறு நடந்தது என்பதைக் கண்ணால் பார்ப்பதுபோல் காட்டுவது, ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைநிலத்தில் வேட்டையாடி வாழ்ந்த குங் மக்களின் வழக்கம். 1960-களில் அவர்களிடையே தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் ரிச்சர்ட் லீ அதை விரிவாகப் பதிவு செய்துள்ளார். பெரிய விலங்கை வீழ்த்திய வேட்டைக்காரன் ஊர் திரும்பியதும் வாய் திறவாமல் நெருப்பருகே உட்கார்ந்துகொள்வான். யாராவது கேட்டால், ஏதோ அற்பமானதொன்று அகப்பட்டது என்பதற்கு மேல் சொல்லமாட்டான். மறுநாள் இறைச்சியைச் சுமந்துவரப் போகிறவர்கள், இந்த எலும்புக் கூட்டுக்காகவா எங்களை இவ்வளவு தூரம் நடக்கவைத்தாய் என்று அவனைக் கேலி செய்வார்கள். விலங்கைக் கொன்ற அம்பு யாருடையதோ அவரே இறைச்சியைப் பங்கிடும் உரிமையுடையவர். அம்புகளையோ அவர்கள் தமக்குள் எப்போதும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இப்படி ஏன் செய்கிறீர்கள் என்று லீ கேட்டபோது, நிறைய இறைச்சி கொண்டுவரும் இளைஞன் தன்னைத் தலைவனாகவும் எங்களைத் தன் ஏவலாட்களாகவும் எண்ணத் தொடங்கிவிடுவான், அதற்கு இடங்கொடுக்கமாட்டோம் என்ற கருத்துப்படப் பதில் சொன்னார்கள். திறமைசாலியின் உழைப்பை ஊருக்குப் பயன்படுத்திக்கொண்டே அவனுடைய ஆதிக்கத்தைத் தடுக்கும் இந்த ஏற்பாட்டை, நான் அறிந்த அரசியல் ஏற்பாடுகளில் மிக நுட்பமானவற்றுள் ஒன்றாகவே மதிக்கிறேன்.

உதவி செய்வதே இயற்கை, ஆகவே அதுவே நியாயம் என்று வாதிடும் மறுதரப்புக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. சைபீரியாவில் விலங்குகளின் வாழ்வை நேரில் கண்ட ருஷ்ய அறிஞர் குரொபோட்கின், பரஸ்பர உதவியே பரிணாமத்தின் முக்கிய ஆற்றல் என்று 1902-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய அவதானங்கள் இன்றும் மதிக்கத்தக்கவை. ஆயினும் ஒன்று இயற்கையில் இருக்கிறது என்பதாலேயே நியாயமாகிவிடாது. நலிந்தோரைத் தாங்க வேண்டும் என்பதற்கு அறத்திலிருந்துதான் காரணம் காட்ட வேண்டும், வேட்டைக்காரரின் வழக்கத்திலிருந்தன்று.

கேள்வி: அரசியல் சார்பு பிறப்பிலேயே வந்துவிடுகிறதாமே?
– வாசகர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: 2005-இல் ஆல்ஃபோர்ட், ஃபங்க், ஹிப்பிங் ஆகிய மூவர் அமெரிக்க இரட்டையரைப் பற்றி வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய பேச்சு இது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரின் அரசியல் கருத்துகள், மற்ற இரட்டையருடையவற்றைவிட அதிகம் ஒத்திருந்தன. ஆனால் எந்தக் கட்சி என்பதைப் பெரும்பாலும் வளர்ப்பும் சூழலுமே தீர்மானித்தன என்று அதே ஆய்வு கூறுகிறது. உருவத்தில் ஒன்றுபோல் இருப்போரை உலகம் ஒன்றுபோல் நடத்துவதாலும் கருத்துகள் ஒத்துப்போகலாம் என்ற வலுவான மறுப்பும் உண்டு.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணத்தை முதலில் எல்லோரும் ஆர்வத்தோடு கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். மனிதனின் இயல்பே சுயநலந்தானா?
– குடும்பத் தலைவி ஒருவர், கோவை

பதில்: தாங்கள் கண்டதை ஆய்வுக்கூடத்திலும் கண்டிருக்கிறார்கள். ஃபேர், கெக்டர் என்ற இரு பொருளியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட சோதனையில், நால்வர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் 20 அலகு பணம் தரப்பட்டது. பொது உண்டியலில் ஓர் அலகு போட்டால் நால்வருக்கும் தலா 0.4 அலகு கிடைக்கும். குழுவுக்கு அது லாபம், போட்டவருக்கு நட்டம். சுற்றுக்குச் சுற்று உண்டியல் சுருங்கியது. ஆனால் கைப்பணத்தில் ஓர் அலகு செலவழித்து, ஏய்ப்பவரிடமிருந்து மூன்று அலகைக் குறைக்கலாம் என்று விதியை மாற்றியதும் பங்களிப்பு உயர்ந்தது. தண்டித்தவருக்கு அதனால் ஆதாயம் எதுவுமில்லை, அடுத்த சுற்றில் குழுவே மாறிவிடும். அப்படியிருந்தும் தண்டித்தார்கள். ஆகவே, தொடக்கத்தில் கொடுத்துப் பின்னர் நிறுத்தியவர்களில் பலர் சுயநலக்காரர்களல்லர், தாம் மட்டும் ஏமாளியாக மனமில்லாதவர்கள்.

தண்டனையே மருந்து என்றும் எண்ணிவிட வேண்டாம். இதைப் போன்ற சோதனையை 16 நகரங்களில் நடத்தி 2008-இல் முடிவுகளை வெளியிட்டபோது, சில நகரங்களில் தாராளமாகக் கொடுத்தவர்களையே மற்றவர்கள் தண்டித்தது தெரியவந்தது. சட்டத்தின் ஆட்சி நலிந்தும், வரி ஏய்ப்பதையும் பயணச்சீட்டின்றிப் பயணிப்பதையும் மக்கள் பெருந்தவறாகக் கருதாமலும் இருந்த இடங்களில் இது மிகுந்திருந்தது.

விதி எப்படி இருந்தால் பலிக்கும் என்பதற்கு, 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டும் டோர்பெல் என்ற சுவிஸ் மலைக் கிராமத்தைப் பாருங்கள். குளிர்காலத்தில் எத்தனை பசுக்களுக்குத் தன் வைக்கோலைக் கொண்டு தீனி போட முடியுமோ அத்தனையைத்தான் ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று அவ்வூர் 1517-இல் விதி வகுத்தது. மீறியவருக்கு அபராதம், அதில் பாதி கண்காணிப்பவருக்கு. பசுவை எண்ணினாலே உண்மை தெரிந்துவிடும் என்பதுதான் அவ்விதியின் பலம். தங்கள் குடியிருப்பிலும் வரவுசெலவுக் கணக்கை மாதந்தோறும் படிக்கட்டருகே எழுதிப் போடுங்கள். அபராதம் எவ்வளவு என்பதை முடிவு செய்யும் கூட்டத்துக்கு, கட்டணத்தை நிறுத்தியவர்களை முதலில் அழையுங்கள்.